பாக்டீரியாக்களும் பாதரசமும்: நஞ்சைக் கடத்துதலும் எதிர்த்தலும்

இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் சிறிதளவில் செல்லுக்கு இன்றியமையாதவை. அளவு மிகும்போதே அவை நஞ்சாகின்றன. பாதரசம் அப்படியல்ல. அறியப்பட்ட எந்த உயிரினத்திலும் அதற்கு ஆக்கப்பணி எதுவும் இல்லை. எனவே அதை அளந்து சேமித்து வைக்கும் ஏற்பாடு செல்லுக்குத் தேவையில்லை. அகற்றும் ஏற்பாடு மட்டுமே தேவை. பாக்டீரியாக்களிலும் ஆர்க்கியாக்களிலும் அந்த ஏற்பாடு 'மெர்' எனப்படும் மரபணுத் தொகுதியாக அமைந்திருக்கிறது. பிற நச்சு உலோகங்களைப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செல்லிலிருந்து இறைத்து வெளியேற்றுகின்றன. மெர் தொகுதியின் வழி வேறு. அது பாதரசத்தைச் செல்லுக்குள் இழுத்து, வேறு வடிவத்துக்கு மாற்றி, ஆவியாக வெளியேற விடுகிறது. நஞ்சை உள்ளே அழைப்பதே எதிர்ப்பின் முதற்படியாக இருப்பதுதான் இதன் தனித்தன்மை.

பாதரசத்தின் மூன்று வடிவங்கள்

இயற்கையில் பாதரசம் மூன்று வடிவங்களில் புழங்குகிறது. முதலாவது தனிம வடிவம். வெப்பமானியில் காணப்படும் வெள்ளி நிற நீர்மம் இதுதான். அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் மட்டுமே கரையும். இரண்டாவது, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த அயனி வடிவம். மெர்குரிக் குளோரைடு போன்ற உப்புகளில் இது உள்ளது. சாதிலிங்கத்தில் இதே அயனி கந்தகத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத கனிமமாக இருக்கிறது. மூன்றாவது கரிமப் பாதரசம். பாதரச அணு ஒரு கார்பன் அணுவோடு நேரடியாகப் பிணைந்த சேர்மங்கள் இவை. மெத்தில் பாதரசம், பூஞ்சைக்கொல்லியாகப் பயன்பட்ட பினைல் பாதரசம், தடுப்பூசிகளில் பதனப்பொருளாகச் சேர்க்கப்பட்ட தையோமெர்சால் ஆகியவை இவ்வகையின.

செல்லுக்குக் கேடு விளைப்பவை முக்கியமாக அயனி வடிவமும் கரிம வடிவமும். இவ்விரண்டும் கந்தகத்தின்மீது மிகுந்த நாட்டம் கொண்டவை. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தையால் தொகுதி இருக்கிறது. பல நொதிகளின் வினைத்தளம் அந்தத் தொகுதியால்தான் இயங்குகிறது. பாதரசம் அங்கே ஒட்டிக்கொண்டால் நொதி செயலற்றுப் போகும். பாதரசம் ஒரு குறிப்பிட்ட நொதியை மட்டும் தாக்குவதில்லை. சிஸ்டீன் இருக்கும் இடமெல்லாம் அதன் இலக்கு. ஆகவே ஒரு நொதியின் அமைப்பை மாற்றிக்கொண்டு பாக்டீரியா தப்பிவிட முடியாது. தப்ப வேண்டுமானால் அயனியையே இல்லாமலாக்க வேண்டும்.

கண்டுபிடிப்பின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பாதரச உப்புகள் கிருமிநாசினிகளாக மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்டன. மெர்குரிக் குளோரைட்டின் கிருமிக்கொல்லும் ஆற்றலை ராபர்ட் கோக் 1881இல் ஆராய்ந்தார். காயங்களுக்குப் பூசும் சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமும் பாதரசச் சேர்மமே. இந்தப் பயன்பாட்டின் விளைவு 1960களில் தெரியவந்தது. மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாக்கள் சில பாதரச அயனியைத் தாங்கி வளர்ந்தன. பெனிசிலினைச் சிதைக்கும் மரபணு இருந்த அதே பிளாஸ்மிட்டில்தான் பாதரச எதிர்ப்பும் இருந்தது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனித்து இருக்கும் டி.என்.ஏ. வளையம், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடியது.

ஏறத்தாழ இதே காலத்தில் ஜப்பானில் கென்சோ டோனோமுராவின் குழு, மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் கே-62 என்னும் பாக்டீரியா பினைல் பாதரசத்தைச் சிதைத்து, தனிமப் பாதரச ஆவியாக வெளியேற்றுவதைக் கண்டது. அமெரிக்காவில் ஆன் சம்மர்ஸ், சைமன் சில்வர் ஆகியோர் 1972இல் எஸ்செரிச்சியா கோலியின் பிளாஸ்மிட் சார்ந்த பாதரச எதிர்ப்பை விவரித்தனர். எதிர்ப்புள்ள செல்கள் வளரும் ஊடகத்திலிருந்து பாதரசம் குறைந்துகொண்டே வந்தது. குறைந்த பாதரசம் காற்றுக்குப் போயிருந்தது. எதிர்ப்பு என்பது தாங்கிக்கொள்வதன்று, உருமாற்றி வெளியேற்றுவது என்பது இதனால் உறுதியானது. 1980களில் மெர் மரபணுக்களின் டி.என்.ஏ. வரிசை படிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவற்றின் புரதங்கள் சிலவற்றின் முப்பரிமாண அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

உள்ளே வரும் வழி

மெர் மரபணுக்கள் இல்லாத பாக்டீரியாவுக்குள்ளும் பாதரசம் நுழைகிறது. குளோரைடோடு சேர்ந்து மின்சுமையற்ற மூலக்கூறாகும்போது கொழுப்புச் சவ்வை ஊடுருவிச் செல்லும். சிஸ்டீன் போன்ற சிறு தையால்களோடு இணையும்போது, சில பாக்டீரியாக்களில் உட்கொள்ளல் விரைவுபடுகிறது. பிற பொருள்களுக்கான கடத்திகள் வழியே அது நுழைவதாக இது உணர்த்துகிறது. இவ்வாறு கட்டுப்பாடின்றி நுழையும் அயனி, வழியில் எதிர்ப்படும் புரதங்களில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

மெர் தொகுதி உள்ள கிராம்-எதிர் பாக்டீரியாவில் வரவேற்பு முறைப்படி நடக்கிறது. இந்தப் பாக்டீரியாக்களுக்குப் புறச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு சவ்வுகள் உண்டு; இடையே ஒரு வெளி இருக்கிறது. அந்த வெளியில் மெர்-பி என்னும் சிறு புரதம் மிதக்கிறது. 72 அமினோ அமிலங்களே கொண்ட இதில் இரண்டு சிஸ்டீன்கள் அருகருகே அமைந்துள்ளன. புறச்சவ்வைக் கடந்து வரும் பாதரச அயனியை அவை இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் புரதத்தின் மடிப்பு வடிவம், செல்லுக்குள் செம்பை எடுத்துச் செல்லும் புரதங்களின் வடிவத்தை ஒத்தது. மனித உடலில் செம்பைக் கடத்தும் புரதத்திலும் இதே மடிப்பு காணப்படுகிறது. இவற்றுக்கிடையே பரிணாம உறவு இருப்பதை இந்த ஒற்றுமை காட்டுகிறது.

மெர்-பி பிடித்த அயனி அடுத்து உட்சவ்வில் பதிந்துள்ள மெர்-டீ புரதத்துக்குச் செல்கிறது. இது 116 அமினோ அமிலங்கள் கொண்டது. சவ்வை மூன்று முறை ஊடுருவிச் செல்லும் சுருள்களாக அமைந்தது. முதற்சுருளில் உள்ள சிஸ்டீன் இணை அயனியை வெளிப்புறத்திலிருந்து வாங்குகிறது. செல்லின் உட்புறம் நீட்டிய பகுதியில் மற்றொரு சிஸ்டீன் இணை உள்ளது. சில பாக்டீரியாக்களில் இந்தப் பணிக்கு மெர்-சி, மெர்-எஃப், மெர்-ஈ ஆகிய புரதங்களும் உள்ளன. மெர்-சி சவ்வை நான்கு முறையும் மெர்-எஃப் இரண்டு முறையும் கடக்கின்றன. அளவும் அமைப்பும் வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் சிஸ்டீன் இணையே கைப்பிடி.

இந்தப் பாதை முழுவதிலும் பாதரச அயனி தனித்து விடப்படுவதே இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொல்லன் குறட்டுக்குக் குறடு மாற்றுவதுபோல், ஒரு சிஸ்டீன் இணை விடுவதற்கு முன் அடுத்த இணை பற்றிக்கொள்கிறது. கந்தகத்தோடு பாதரசம் கொள்ளும் பிணைப்பு வலுவானது. ஆயினும் புதிய தையால் ஒன்று அருகில் வரும்போது எளிதில் இடம் மாறக்கூடியது. செல்லைக் கொல்லும் அதே வேதிப்பண்பு இங்கே கடத்தும் கருவியாகிறது.

நஞ்சை உள்ளே கொண்டுவர வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? விடை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பாதரச அயனியைச் செயலிழக்கச் செய்ய அதற்கு இரண்டு எலெக்ட்ரான்கள் தரப்பட வேண்டும். அவற்றைத் தரும் என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறு செல்லின் உள்ளே மட்டுமே கிடைக்கிறது. கடத்தல் புரதங்கள் மட்டும் இருந்து உள்ளே உருமாற்றும் நொதி இல்லாத செல்கள், மெர் தொகுதியே இல்லாத செல்களைவிடக் குறைந்த அளவுப் பாதரசத்துக்கே மடிந்துபோகின்றன என்பது 1979இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. கடத்தலும் உருமாற்றமும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

ஒடுக்கும் நொதி

தொகுதியின் மையம் மெர்-ஏ என்னும் பாதரச ரிடக்டேஸ். வேதியியலில் எலெக்ட்ரான் ஏற்பது ஒடுக்கம் எனப்படும். இந்த நொதி பாதரச அயனியை ஒடுக்கித் தனிமப் பாதரசமாக மாற்றுகிறது. இரண்டு ஒத்த அலகுகள் சேர்ந்தது. ஒவ்வோர் அலகிலும் எஃப்.ஏ.டி. என்னும் துணை மூலக்கூறு உள்ளது. என்.ஏ.டி.பி.எச். தரும் எலெக்ட்ரான்களை எஃப்.ஏ.டி. வாங்கி, வினைத்தளத்தில் பிடிபட்டிருக்கும் அயனிக்குக் கொடுக்கிறது. உயிர்களில் பொதுவாகக் காணப்படும் குளுட்டாதயோன் ரிடக்டேஸ், லிப்போஅமைடு டிஹைட்ரோஜினேஸ் ஆகிய நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். பேசில்லஸ் இனம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மெர்-ஏயின் படிக அமைப்பு 1991இல் வெளியானது.

இங்கும் கைமாற்றம் தொடர்கிறது. பல மெர்-ஏ நொதிகளின் முற்பகுதியில் மெர்-பி புரதத்தை ஒத்த ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்கிறது. அது உள்ளே வரும் அயனியைப் பிடித்து, நொதியின் கடைசி முனையில் உள்ள சிஸ்டீன் இணைக்குத் தருகிறது. அந்த இணை, மற்றோர் அலகின் வினைத்தளத்தில் ஆழ்ந்திருக்கும் இணைக்குத் தருகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் சேர்ந்ததும் பாதரசம் கந்தகத்தை விட்டுவிடுகிறது. தனிமப் பாதரசத்துக்குக் கந்தகத்தின்மீது முன்பிருந்த பிடிப்பு இல்லை. மின்சுமையற்ற அந்த அணு சவ்வைத் தடையின்றிக் கடந்து நீருக்கும், நீரிலிருந்து காற்றுக்கும் செல்கிறது. வெளியேற்றத்துக்கெனத் தனிக் கடத்தி தேவைப்படுவதில்லை.

கரிமப் பாதரசத்தைப் பிளத்தல்

மெர்-ஏ அயனியை மட்டுமே கையாளும். கரிமப் பாதரசத்தில் கார்பன்–பாதரசப் பிணைப்பை முதலில் அறுக்க வேண்டும். அந்தப் பணியைச் செய்வது கரிமப் பாதரச லையேஸ் என்னும் சிறு நொதி. இரண்டு சிஸ்டீன்களும் ஓர் ஆஸ்பார்டிக் அமிலமும் அதன் வினைத்தளத்தில் சேர்ந்து இயங்குகின்றன. சிஸ்டீன்கள் பாதரசத்தைப் பற்ற, கார்பனுக்கு ஒரு புரோட்டான் சேர்கிறது. மெத்தில் பாதரசம் மீத்தேனாகவும் பாதரச அயனியாகவும் பிரிகிறது. பினைல் பாதரசம் பென்சீனையும் அயனியையும் தருகிறது. தானாக நடக்க மிக நீண்ட காலம் பிடிக்கும் வினையை இந்த நொதி பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. பிரிந்த அயனி நேராக மெர்-ஏயிடம் ஒப்படைக்கப்படுகிறது.

லையேஸ் இல்லாத பாக்டீரியாக்களின் எதிர்ப்பு குறுகிய வகை என்றும், உள்ளவற்றின் எதிர்ப்பு பரந்த வகை என்றும் பிரிக்கப்படுகின்றன. கரிமப் பாதரசக் கழிவு கலந்த, ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவின் வண்டலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவில் மூன்று வெவ்வேறு லையேஸ் மரபணுக்கள் இருந்தன. சூழலில் உள்ள நஞ்சின் வகைக்கேற்ப மரபணுத் தொகுதி விரிவதற்கு இது எடுத்துக்காட்டு.

கட்டுப்பாடு

இத்தனை புரதங்களையும் எப்போதும் உற்பத்தி செய்வது செல்லுக்கு வீண்செலவு. பாதரசம் வந்தபோது மட்டுமே அவை தேவை. அதை உணர்வது மெர்-ஆர் புரதம். இது டி.என்.ஏ.வில் மெர் மரபணுக்களைப் படிக்கத் தொடங்கும் இடத்தில் அமர்ந்திருக்கும். வழக்கமான தொடக்கப் பகுதியில் இரண்டு அடையாள வரிசைகளுக்கு இடையே ஏறத்தாழ 17 காரங்கள் இருக்கும்; மெர் தொகுதியில் 19 இருக்கின்றன. இடைவெளி நீண்டிருப்பதால் டி.என்.ஏ. முறுக்கில் அடையாளங்கள் சரியான பக்கம் நோக்குவதில்லை. மரபணுவைப் படிக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அங்கே வந்து அமர்ந்தும் தொடங்க முடியாமல் காத்திருக்கும்.

மெர்-ஆர் இரு அலகுகள் கொண்டது. ஓர் அலகின் ஒரு சிஸ்டீனும் மற்றதன் இரண்டு சிஸ்டீன்களும் சேர்ந்து பாதரச அயனியை மூன்று பக்கமும் பிடிக்கின்றன. பிடித்தவுடன் புரதத்தின் வடிவம் மாறுகிறது; அது டி.என்.ஏ.வின் முறுக்கைச் சற்றே தளர்த்துகிறது. அடையாளங்கள் நேர்ப்படுகின்றன, பாலிமரேஸ் உடனே படிக்கத் தொடங்குகிறது. ஒரே புரதம் பாதரசம் இல்லாதபோது தடையாகவும், இருக்கும்போது தூண்டுகோலாகவும் இயங்குகிறது. செல்லில் பிற தையால்கள் ஏராளமாக இருந்தபோதிலும், நானோமோலார் அளவிலான பாதரசத்தையே மெர்-ஆர் உணர்ந்துவிடுகிறது. செம்பு, துத்தநாகம் ஆகியவற்றை உணரும் புரதங்களும், ஆக்சிஜனேற்ற நெருக்கடியை உணரும் புரதமும் இதே குடும்பத்தவை என்பது பின்னர் தெரிந்தது. முதலில் விரிவாக ஆராயப்பட்டது என்பதால் குடும்பத்துக்கே மெர்-ஆர் என்ற பெயர் நிலைத்தது.

பிற எதிர்ப்பு வழிகள்

மெர் தொகுதி மட்டுமே வழி அல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியிடும் பாக்டீரியாக்கள் பாதரசத்தைக் கரையாத கறுப்பு மெர்குரிக் சல்ஃபைடாகப் படியச் செய்கின்றன. குளுட்டாதயோன், பேசில்லிதயோல் போன்ற சிறு தையால்கள் செல்லுக்குள் அயனியைப் பிடித்து, முக்கியப் புரதங்களை அது அடையாமல் காக்கின்றன. செல்லைச் சுற்றியுள்ள கூட்டுச் சர்க்கரைப் படலமும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் இவையெல்லாம் பாதரசத்தைத் தேக்கிவைப்பவை. தேக்கும் இடம் நிரம்பியபின் பாதுகாப்புக் குறைந்துவிடும். மெர்-ஏயின் வழியில் தேக்கமே இல்லை. என்.ஏ.டி.பி.எச். கிடைக்கும் வரை அது தொடர்ந்து இயங்கும்.

பரவலும் தொன்மையும்

மெர் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகளிலும் டிரான்ஸ்போசான்களிலும் உள்ளன. டிரான்ஸ்போசான் என்பது டி.என்.ஏ.வில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் துண்டு. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் கண்டறியப்பட்ட டி.என்.501, ஷிகெல்லாவின் பிளாஸ்மிட்டில் கண்டறியப்பட்ட டி.என்.21 ஆகிய இரண்டும் மிகுதியாக ஆராயப்பட்டவை. டி.என்.21இல் பாதரச எதிர்ப்போடு ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்து ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் ஒரே துண்டில் உள்ளன. அதனால் பாதரசம் உள்ள இடத்தில் அந்தத் துண்டைக் கொண்ட பாக்டீரியா தழைக்கும்போது, மருந்து எதிர்ப்பும் கூடவே பெருகும். பற்குழி அடைக்கும் அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். குரங்குகளுக்கு அமால்கம் அடைத்தபின் அவற்றின் வாயிலும் குடலிலும் பாதரச எதிர்ப்பும் மருந்து எதிர்ப்பும் கொண்ட பாக்டீரியாக்கள் மிகுந்ததைச் சம்மர்ஸின் குழு 1993இல் வெளியிட்டது.

எனினும் இந்த எதிர்ப்பு மனிதத் தொழில்களால் உருவானதன்று. சைபீரியாவின் 15,000 முதல் 40,000 ஆண்டுகள் பழமையான உறைநிலத்தில் எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில், இன்றைய வகைகளை ஒத்த மெர் டிரான்ஸ்போசான்களை ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டனர். எரிமலைகளும் வெந்நீரூற்றுகளும் பாதரசத்தைத் தொடர்ந்து வெளிவிட்டு வந்துள்ளன. மெர்-ஏயின் வம்சாவளியை ஒப்பிட்ட டமர் பார்க்கேயும் சக ஆய்வாளர்களும், வெந்நீர்ச் சூழலில் வாழ்ந்த பழமையான பாக்டீரியாக்களிலேயே அது தோன்றியிருக்கும் என்ற முடிவுக்கு வந்தனர். தொழிற்சாலைகளும் கிருமிநாசினிகளும் செய்தது, முன்பே இருந்த மரபணுக்களைப் பெருக்கி, மருந்து எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்ந்து பயணம் செய்ய வைத்ததுதான்.

எதிர்த்திசை: மெத்தில் பாதரசம் உருவாதல்

எல்லாப் பாக்டீரியாக்களும் பாதரசத்தை ஆவியாக்குவதில்லை. சேற்றில் ஆக்சிஜனின்றி வாழும் சல்ஃபேட் ஒடுக்கிகள், இரும்பு ஒடுக்கிகள் சில அயனியை மெத்தில் பாதரசமாக்குகின்றன. வண்டலில் உயிரிகள் மெத்தில் பாதரசத்தை உருவாக்குவதை ஸ்வீடனில் யென்சன், யெர்னலோவ் ஆகியோர் 1969இல் காட்டினர். அதற்கான மரபணு இணை 2013இல்தான் கண்டறியப்பட்டது. அந்த இரண்டில் எதை நீக்கினாலும் மெத்திலாக்கம் நின்றுவிடுகிறது. இது ஓர் எதிர்ப்பு உத்தி அல்ல. மெத்திலாக்கும் பாக்டீரியாக்கள் தம் நெருங்கிய உறவினங்களைவிடப் பாதரசத்தைக் கூடுதலாகத் தாங்குவதில்லை.

மெத்தில் பாதரசம் உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிந்து, பெரிய மீன்களில் நீரிலுள்ளதைப்போல் பத்து லட்சம் மடங்குவரை எட்டுகிறது. நீர் தேங்கிய நெல்வயல்களிலும் இது உருவாகும். பாதரசச் சுரங்கங்கள் இருந்த சீனாவின் குய்சோ மாகாணத்தில் மக்களின் உடலுக்கு மெத்தில் பாதரசம் சேரும் முதன்மை வழி மீனன்று, அரிசி.

ஒரு நீர்நிலையில் மெத்தில் பாதரசம் எவ்வளவு மிஞ்சும் என்பது மெத்திலாக்கும் பாக்டீரியாக்கள், மெர் தொகுதி கொண்ட பாக்டீரியாக்கள் ஆகிய இரு வகைகளின் பணிக்கு இடையேயான கணக்கு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பாதரசத்தால் கடுமையாக மாசடைந்த பெர்ரி ஓடையில், மொத்தப் பாதரசத்தில் மெத்தில் வடிவத்தின் பங்கு குறைவாக இருந்தது; அங்கே மெர் மரபணுக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. மாசு குறைந்த நீர்களில் மெர்-ஆரைத் தூண்டும் அளவுக்குப் பாதரசம் இருப்பதில்லை. அங்கே மரபணுக்கள் ஓய்ந்திருக்க, மெத்தில் வடிவத்தின் பங்கு உயர்ந்துவிடுகிறது. மிகுந்த மாசுள்ள இடத்தைவிடச் சிறிதளவு மாசுள்ள இடத்தில் அந்தப் பங்கு கூடுதலாக இருக்கக்கூடும் என்ற முரண் இதனால் விளைகிறது.

பயன்பாடும் எல்லையும்

குளோரின்–காரத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைத் தூய்மையாக்க ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இரீன் வாக்னர்-டோப்லரின் குழு பாதரசத்தை எதிர்க்கும் சூடோமோனாஸ் புட்டிடாவைக் கலன்களில் வளர்த்தது. பாக்டீரியாக்கள் ஒடுக்கிய பாதரசம் சிறு உலோகத் துளிகளாகக் கலனுக்குள்ளேயே தங்கியது. அடைபட்ட கலன் என்பதால் ஆவி காற்றில் கலக்காமல் பாதரசத்தைத் திரும்பச் சேகரிக்க முடிந்தது. அமெரிக்காவில் ரிச்சர்டு மீகரின் குழு மெர்-ஏ மரபணுவைத் தாவரங்களுக்கேற்ப மாற்றி, 1996இல் அராபிடாப்சிஸ் செடியிலும் பின்னர் மரத்திலும் செலுத்தியது. அவை பாதரசம் கலந்த ஊடகத்தில் வளர்ந்து அதை ஆவியாக்கின. மெர்-ஆரின் உணர்திறன் வேறு வகையில் பயன்பட்டது. மெர் தொடக்கப் பகுதியோடு ஒளிரும் மரபணுக்களை இணைத்த பாக்டீரியா, செல்லுக்குள் நுழையக்கூடிய பாதரசம் எவ்வளவு என்பதை ஒளியாகக் காட்டுகிறது. வேதிப் பகுப்பாய்வு மொத்தப் பாதரசத்தை அளக்கும். இந்த உயிருணரி உயிர்களைத் தாக்கக்கூடிய பங்கை அளக்கிறது.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டபின், ஆலையைச் சுற்றிய மண்ணிலும் கொடைக்கானல் ஏரியிலும் பாதரசம் படிந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. இத்தகைய திறந்த இடங்களில் பாக்டீரியா வழித் தூய்மையாக்கத்தின் எல்லை புலப்படுகிறது. பாதரசம் ஒரு தனிமம். அதை எந்த நொதியாலும் அழிக்க முடியாது. மெர்-ஏ செய்வது வடிவமாற்றமும் இடமாற்றமும் மட்டுமே. ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் சுற்றி, ஆக்சிஜனேற்றம் பெற்று, வேறொரு நீர்நிலையிலோ காட்டிலோ மீண்டும் விழுகிறது. அங்கே மெத்திலாக்கும் பாக்டீரியா இருந்தால் மறுபடி உணவுச் சங்கிலிக்குள் நுழையும். பாக்டீரியாவின் எதிர்ப்பு அந்தச் செல்லையும் அதன் உடனடிச் சூழலையும் காக்கிறது. உலகிலுள்ள பாதரசத்தின் அளவை அது குறைப்பதில்லை. அதனால்தான் 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரசச் சுரங்கம், வணிகம், பயன்பாடு, வெளியேற்றம் ஆகியவற்றைக் குறைப்பதை முதன்மைப்படுத்துகிறது. ஏற்கெனவே வெளிவந்துவிட்ட பாதரசத்தை, வெளியேறும் ஆவியைப் பிடிக்க வழியுள்ள அடைபட்ட அமைப்புகளில் கையாள்வதற்கு மெர் பாக்டீரியாக்கள் ஏற்ற கருவி.